அது விபூதி இல்லை

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் பக்கம் பஸ்ஸில் போனால், வழியில் வரும் ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கொஞ்சம் விமர்சகர் கண்ணோடு பாருங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. வாசகத்தை விடுங்கள், அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும். அச்சைப் பாருங்கள். தாய்மாமன் நெற்றியில் குறுக்கே வெள்ளைக் கோடு. விபூதி என்று நினைத்தால் சட்டையிலும் ஓடுகிறது!

கடையில் கேட்டால், "ஹெட் போச்சு சார்" என்பார்கள். என் சண்டையே இந்த ஒரு வரியோடுதான். ஹெட் விலை கொஞ்சநஞ்சமில்லை. அதை மாற்றச் சொல்வதற்கு முன்னால் கோடு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா? எல்லா நிறத்திலும், சம இடைவெளியில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட்டின் மேல் பழி போடாதீர்கள். ஃப்ளெக்ஸ் துணி ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை அதிகமாக நகர்கிறது. கறுத்த கோடா? குறைவாக நகர்கிறது. எழுத்து இரட்டையாகத் தெரிந்தால், ஹெட் போகும்போது அடிப்பதும் வரும்போது அடிப்பதும் பொருந்தவில்லை. இதெல்லாம் செட்டிங்கில் சரிசெய்கிற சமாசாரம். ஒரே ஒரு நிறத்தில் மட்டும் கோடு என்றால்தான் நாஸில் அடைப்பு. நம்மூர்க் கடைகளில் சகஜமான கோனிகா ஹெட்டில் 512 துளைகள். சால்வென்ட் இங்க் சும்மா கிடந்தால் துளை வாயிலேயே காய்ந்துவிடும். ராத்திரி அப்படியே விட்டுப் போனால் காலையில் அடைப்பு. பல சமயம் கழுவினாலே திறந்துகொள்ளும்.

இன்னொரு சங்கதி, நான் பி.காம். படித்தவன் என்பதால் கண்ணில் படுகிறது. கடைக்காரருக்குச் சதுர அடிக்குத்தான் காசு. அதனால் நாலு பாஸ் ஓட்ட வேண்டியதை ரெண்டு பாஸில் முடிக்கிறார். நாலு பாஸ் ஓடினால் அடைபட்ட துளையின் இடத்தை இன்னொரு துளை பூசி மறைத்துவிடும். ரெண்டில் குட்டு வெளிப்படும். அதாவது பாதி நோய், அவசரம்.

மீதிப் பழியில் நமக்கும் பங்கு உண்டு. வாட்ஸப்பில் வந்த 1,200 புள்ளி அகலப் படத்தைக் கொடுத்துப் பத்தடி பேனர் கேட்கிறோம். அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி! மாமா கட்டம் கட்டமாகத்தான் வருவார்.

(பேனரே வைக்கலாமா என்பது தனி வழக்கு. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சுபஸ்ரீ மேல் பேனர் சரிந்ததையும், பின்னால் வந்த லாரியையும் மறக்க முடியாது.)

கல்யாண பேனர் கெட்டால் திட்டிவிட்டு மறுபடி அடிக்கலாம். கண்ணீர் அஞ்சலிக்கு அந்த வசதி இல்லை. ராத்திரி ஆர்டர், விடிந்தால் தெருமுனையில் கட்டியாக வேண்டும். அப்பாவின் கண்ணுக்குக் குறுக்கே கோடு என்றாலும் அதைத்தான் கட்டுவார்கள். தட்டியில் கையால் வரைந்த ஆர்ட்டிஸ்ட் காலத்தில், பிரஷ்ஷை இன்னொரு முறை தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

அடுத்த முறை அந்தக் கடைக்குப் போக நேர்ந்தால், முழு பேனரையும் ஓட்டுவதற்கு முன் ஒரு நாஸில் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். பிறகு முகம் வரும் இடத்தை மட்டும் ஒரு முழத்துக்கு அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சில நிமிஷம்தான் ஆகும். முறைத்தால் முறைக்கட்டும்.