சீமைக் கடிதங்களில் எழுதப்படாதவை

சீமைப் படிப்பு என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பாரிஸ்டருக்குப் படித்து வந்தவர் என்று ஒருவரைச் சுட்டிவிட்டால், அதற்கு மேல் அவரைப் பற்றி விளக்கம் கேட்பாரில்லாத காலம் ஒன்று இருந்தது. ஆனால், அங்கே அவர் என்ன உண்டார், எவ்வகை அறையில் உறங்கினார், எந்தத் தேர்வில் தவறினார், ஊருக்கு எழுதிய கடிதத்தில் எதை எழுதாமல் விட்டார் என்று கேட்போமானால், நம் மொழியில் விடை தரும் ஏடுகள் மிகச் சிலவே. கப்பலேறியதை எழுதினோம், மாலை மரியாதையுடன் திரும்பியதை எழுதினோம், இடைப்பட்ட ஆண்டுகள் வெற்றுத் தாளாகவே கிடக்கின்றன. இலக்கியத்தின் குறை என்ற அளவில் மட்டும் இதனை நாம் எடுத்துரைக்க வரவில்லை. இந்தக் குறைக்கு இன்றைக்கும் குடும்பங்கள் விலை கொடுத்து வருகின்றன என்பதே எம்மை எழுதத் தூண்டியது.

நாகல் நகரிலிருந்து இதனை எழுதுகிறோம். திண்டுக்கல்லுக்குப் பெயர் ஈட்டித் தந்த பூட்டுத் தொழில் நடைபெற்ற பகுதிகளுள் எங்கள் பகுதியும் ஒன்று. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது. கிடைத்த வேளையில் பட்டறைகள் பல ஓசை அடங்கிப் போயிருந்தன. தறியின் நிலையும் அதற்கு மேம்பட்டதன்று. ஆகவே, தம் கைத்தொழில் தம்மோடு போகட்டும் என்று எண்ணும் தந்தையர், பிள்ளைகளை ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்ப முனைவதில் வியப்பில்லை. முன்பு செல்வர் வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்த பயணம் இன்று வங்கிக் கடனாலும் வீட்டுப் பத்திரத்தாலும் நம் தெருக்களுக்கும் எட்டியிருக்கிறது. போகுமுன் படித்தறிய ஏதேனும் உண்டா என்று இளைஞர் கேட்கின்றனர். அவர்கள் கையில் எதைக் கொடுப்பது?

எல்லோரும் முதலில் நினைப்பது காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யை. 1888-இல் பம்பாயில் கப்பலேறி, இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்து, 1891 ஜூனில் பாரிஸ்டரான இளைஞரின் கதை அதில் பல அத்தியாயங்களுக்கு விரிகிறது. நூலின் பெருமையைப் பற்றி நாம் புதிதாகக் கூற ஒன்றுமில்லை. எனினும், அது ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் வாரந்தோறும் எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. எழுதியவர் அப்போது மாணவர் அல்லர்; ஒரு தேசத்தின் தலைவர். ஆதலின் உயர்ந்த தொப்பி, பிடில், நடன வகுப்பு எல்லாம் அங்கே ஒவ்வொரு படிப்பினையாகி நிற்கின்றன. நடந்தது நடந்தபடி நில்லாமல், பின்னால் வரப்போகும் பெரியதொன்றுக்கு முன்னுரையாகிவிடுகிறது.

ஆனாலும் படிப்பினை ஏதுமின்றி நெஞ்சைத் தொடும் ஓரிடம் அந்நூலில் உண்டு. தாய்க்குக் கொடுத்த வாக்கினால் புலால் உண்ணாத இளைஞர், விதவை ஒருவர் நடத்திய விடுதியில் தங்கியிருக்கிறார். அவ்வம்மையாரின் பெண்மக்கள் இருவர் இரக்கத்தோடு ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை மிகுதியாக வைக்கின்றனர். ஒரு முழு ரொட்டியே வேண்டியிருந்த பசி அது என்பதை அவர்கள் அறியார். கேட்டு வாங்க இவருக்கும் நாணம். இந்த ஒரு செய்தி நூறு அறிவுரைகளுக்கு ஈடாகும். அந்நிய வீட்டு மேசையில் இன்னும் கொஞ்சம் என்று கேட்க நாவெழாத பிள்ளை எல்லாக் காலத்துப் பிள்ளையுமாவான். லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை லத்தீன் பாடத்தில் தாம் தேறாததையும் அவர் ஒளிக்காமல் கூறுகிறார். நம்மவரில் இப்படிக் கூறியவர் எத்தனை பேர்?

அவர் எழுதிய மற்றொரு நூலைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1893, 1894 அளவில், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டனுக்குப் படிக்கப் போவோர்க்காக ஒரு வழிகாட்டி எழுதினார். என்ன உடை எடுத்துச் செல்வது, அறைக்கும் உணவுக்கும் என்ன ஆகும், எவ்வாறு சிக்கனமாக வாழலாம் என்பன போன்ற எளிய செய்திகளே அதன் பொருள். இருபத்தைந்து வயதை எட்டாத ஒருவர், தாம் பட்ட பாட்டின் சூடு ஆறுமுன்னர், அடுத்துப் போகிறவனுக்குச் சொன்ன சொற்கள் அவை. தத்துவம் இல்லை; கணக்கு இருக்கிறது. அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை என்பதுதான் வருத்தம். யாருக்குப் பயன்பட வேண்டுமென எழுதினாரோ, அந்தத் தலைமுறை மாணவர் கைக்கு அது போய்ச் சேரவேயில்லை. ஆராய்ச்சியாளர்க்கு உரிய தொகுப்பில் இன்று அது கிடைக்கிறது.

தமிழ்நாட்டவர் என்று பார்த்தால் கணித மேதை இராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1914 மார்ச்சில் சென்னையில் ‘நெவாஸா’ கப்பலில் ஏறி, ஏப்ரலில் லண்டன் அடைந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் தங்கியவர். அங்குள்ள வாழ்வைப் பற்றி அவர் தனியாக நூலொன்றும் எழுதவில்லை. நாம் அறிந்தவற்றுள் மிகுதியும் பிறர் சொன்னவையே. அப்போது கிங்ஸ் கல்லூரி மாணவராயிருந்த மகலனோபிஸ் கூறிய ஒரு செய்தி நூலக மேதை எஸ். ஆர். இரங்கநாதன் 1967-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றுள்ளது. இரவில் குளிர் தாங்கவில்லை என்று இராமானுஜன் கூற, மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்திருக்கிறார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு கம்பளிகளின் மேலேயே இவர் படுத்து வந்திருக்கிறார்.

எண்களின் மறைபொருளை உலகுக்குக் காட்டியவருக்குக் கட்டிலில் போர்வை எங்கே இருக்கிறது என்று காட்டுவார் இல்லை. இதனை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்போரை நாம் கண்டிருக்கிறோம். சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் தாமே ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சோறும் உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் போதும், வேறொன்றும் தேவையில்லை என்னும் பொருள்பட எழுதினார். போர்க்காலம், சைவ உணவுக்கு வேண்டியவை அரிதாகிக்கொண்டு வந்த நேரம். படிப்பவர் மனம் ஆறுதலடையட்டும் என்று எழுதிய வாசகமாகவே அது எமக்குத் தோன்றுகிறது. 1917-இல் அவர் நோயில் விழுந்தார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமை வந்தது. 1919-இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மறைந்தார்.

மறைத்தவர் மாணவர் மட்டும்தானா? இங்கேதான் நாம் சற்றுத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. காந்தியடிகள் லண்டனில் இருக்கும்போதே அவர் அன்னையார் காலமானார். அச்செய்தியைத் தமையனார் அவருக்குத் தெரிவிக்கவில்லை. தாயைக் காணும் ஆவலோடு பம்பாயில் வந்திறங்கிய பின்னரே கூறினார். இராமானுஜனின் மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையாதபடி மாமியார் தடுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். பிள்ளை பசியை மறைக்கிறான். வீடு சாவை மறைக்கிறது. இரண்டும் அன்பினால் என்று சொல்லலாம். ஜானகியின் வகையில் அவ்வாறும் சொல்ல இயலாது. எப்படியாயினும், கடலைத் தாண்டிச் செல்லும் கடிதம் இருபுறமும் வடிகட்டப்பட்ட பின்னரே செல்கிறது. கடிதம் சொல்லாததை இலக்கியம் சொல்ல வேண்டாமா?

சொன்ன ஒரு நூல் உண்டு. அது ஒரு முஸ்லிம் பெண்மணி உருதுவில் எழுதியது. அதிய்யா ஃபைஸி என்னும் அம்மையார் 1877-இல் பிறந்தவர். 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினாரே பத்ருத்தீன் தையப்ஜி, அவருடைய குடும்ப வட்டத்தைச் சேர்ந்தவர். 1906-இல் அரசின் உதவித்தொகை பெற்று, லண்டனிலிருந்த மரியா கிரே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றார். சென்ற நாள்தொட்டு எழுதிய நாட்குறிப்பைத் தம் உடன்பிறந்தாருக்கு அனுப்ப, அது லாகூரிலிருந்து பெண்களுக்காக வெளிவந்த ‘தஹ்ஸீபெ நிஸ்வான்’ இதழில் தொடர்ந்து அச்சாயிற்று. பின்னர் 1921-இல் ‘ஸமானெ தஹ்ஸீல்’ என்னும் பெயரில் நூலாயிற்று. கல்வி பெற்ற காலம் என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். ‘அதிய்யாவின் பயணங்கள்’ என்னும் பெயரில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் வந்தது.

அல்லாமா இக்பாலை லண்டனில் 1907 ஏப்ரலில் சந்தித்தவர் என்ற அளவிலேயே இவ்வம்மையாரைப் பலரும் நினைவுகூர்கின்றனர். இவரே எழுதியதைப் படிக்காமல், இவர் யாரைக் கண்டார் என்பதை மட்டும் பேசுவது நியாயமாகாது. இவரது நாட்குறிப்பின் தனிச்சிறப்பு, எழுதும்போது முடிவு தெரியாதிருந்தது என்பதே. நாளை என்ன ஆவோம் என்று அறியாத ஒருவர் இன்றைய வகுப்பையும், கண்ட மனிதரையும், சென்ற விருந்தையும், அயர்வையும் எழுதுகிறார். ஆதலின் ஒரு நாள் மற்றொரு நாளுக்கு ஏணிப்படியாவதில்லை. அவ்வந்நாள் தன்னளவில் நின்று பேசுகிறது.

குறையில்லாத நூலென்று நாம் கூறமாட்டோம். செல்வக் குடும்பத்துப் பெண்; சமஸ்தான மன்னர்களும் பெரிய வணிகர்களும் அவரது வட்டம். வாடகைக்குக் கலங்கும் மாணவன் தன் முகத்தை அந்நூலில் காண முடியாது. மேலும், இல்லத்திலிருக்கும் பெண்கள் படிக்கப் போகிறார்கள் என்பதை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது, திருத்தப்பட்டும் வெளியிடப்பட்டது. மணமாகாத முஸ்லிம் பெண் தனித்து மேனாட்டில் வாழ்கிறாள் என்பதே பேச்சுக்கு இடமாயிருந்த காலத்தில், எழுத்தில் தணிக்கை இல்லாமல் இருக்க முடியுமா? அன்றன்று எழுதிவிட்டால் உண்மை முழுவதும் வந்துவிடும் என்று எண்ணுவோர் இந்நூலைப் படித்துத் தெளியலாம்.

அவ்வளவையும் கழித்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. அதிய்யா அம்மையார் படிப்பை முடிக்கவில்லை. உடல்நலம் குன்றி, ஏறத்தாழ ஓராண்டில், பட்டயம் பெறாமலே 1907-இல் திரும்பினார். திரும்பியவர் அந்த ஏடுகளைக் கிழித்தெறியவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து நூலாக்கினார். முடியாத படிப்புக்குக் கல்வி பெற்ற காலம் என்று பெயர் சூட்டத் துணிவு வேண்டும். படித்து முடிக்காமல் வந்தவனை ஊர் என்ன பெயரிட்டு அழைக்கும் என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்கத் தேவையில்லை. அப்பெயருக்கு அஞ்சியே எத்தனையோ பேர் எழுதாமலும், ஊருக்குத் திரும்பாமலுங்கூட இருந்துவிட்டனர்.

தமிழ் எழுதிய நம்மவரிடம் வருவோம். இலங்கையின் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் 1930-களின் நடுவில் கேம்பிரிட்ஜின் செயின்ட் கேதரின் கல்லூரிக்குச் சென்றவர். இலங்கை சிவில் சேவைக்குத் தேர்வானதும், மேற்படிப்பை அத்துடன் நிறுத்தித் திரும்பியவர். பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக அவர் ஆற்றிய பணி பெரிது. பயண இலக்கியத்திலோ அவருக்குத் தனி இடம் உண்டு. எகிப்தைக் குறித்து ‘மிஸ்ரின் வசியம்’, ஆப்பிரிக்காவைக் குறித்துக் ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’, நம் நாட்டைக் குறித்துத் ‘தமிழ் யாத்திரை’ என்று எழுதித் தந்தார். எங்கு சென்றாலும் கூர்ந்து நோக்கிய அந்தக் கண்கள் கேம்பிரிட்ஜில் மட்டும் மூடியிருந்திருக்க முடியாது. ஆயினும், மாணவராக வாழ்ந்த அந்நகரின் பெயர் தாங்கிய நூலொன்று அவர் நூல்வரிசையில் இல்லை. விருந்தினராய்ச் சென்ற நாடுகளை எழுதுவது எளிது; மாணவனாய்ச் சென்ற இடத்தில் நாம் சிறியவராயிருந்தோம். அதனை எழுதக் கை கூசுகிறது போலும்.

பேகம் ஒருவரின் பெயரால் பேகம்பூர் விளங்கும் எங்கள் ஊரார்க்கு மற்றொரு பேகத்தையும் இவ்விடத்தில் நினைவூட்டலாம். லண்டனுக்கு அருகில் வோக்கிங்கில் 1889-இல் எழுந்த பள்ளிவாசல் போபால் பேகம் ஷாஜஹானின் கொடையால் எழுந்தது. அறிஞர் லைட்னர் அங்கே நிறுவிய கீழ்த்திசைக் கல்வி நிலையத்துக்கு வரும் மாணவர் தொழுவதற்கும் அது இடமாயிற்று. இந்தியாவிலிருந்து போகும் பிள்ளைக்குப் பாடம் மட்டும் போதாது என்பதை நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே சிலர் உணர்ந்திருந்தனர்.

இன்றைய நிலைக்கு வருவோம். கடிதம் போய்க் கைப்பேசி வந்துவிட்டது. நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறோம். மறைப்பது குறைந்ததா? எமக்குத் தெரிந்தவரை கூடியிருக்கிறது. நால்வர் பங்கிட்டுத் தங்கும் அறையில் துப்புரவான ஒரு மூலையை நோக்கியே கைப்பேசி திருப்பப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் பழைய கோபுரத்தின் முன் எடுத்த படம் நாகல் நகர் வந்து சேர்கிறது. கிடங்கில் இரவு முழுதும் பெட்டி தூக்கிய கைகள் படத்தில் விழுவதில்லை. பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம் என்பது விதி. அவ்வூதியத்தால் கட்டணத்தை அடைத்துவிடலாம் என்று இங்கே கணக்குப் போடுவோர் இருக்கின்றனர். சட்டமும் நிலையாக நிற்பதில்லை. படிப்பு முடிந்தபின் தங்கி வேலை பார்க்கும் வழி 2012-இல் மூடப்பட்டது. 2021-இல் வேறு பெயரில் திறந்தது. அந்த இரண்டாண்டுக் காலம் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதமாகக் குறையும் என்று அறிவித்துவிட்டனர். 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலை பயிலச் செல்வோர் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லவும் இயலாது. இவற்றையெல்லாம் முகவரின் வண்ணத்தாள் கூறுமா? படத்தை நம்பி அடுத்த வீட்டுக்காரரும் பத்திரத்தை அடகு வைக்கிறார்.

ஆதலின் இங்கிலாந்தில் பயிலும் நம் பிள்ளைகளிடம் நாம் வேண்டுவது நூலன்று; நாட்குறிப்பே. பட்டம் பெற்ற பின் எழுதலாம் என்று தள்ளிவைக்க வேண்டா. பெயரை வெளியிட விரும்பாதோர் பெயரின்றி எழுதலாம். கோபுரங்களை விட்டுவிடுங்கள், அவற்றைப் படத்தில் பார்த்துக்கொள்கிறோம். அறையின் வாடகை, முதற்பாடம் விளங்காத நாள், தவறிய தேர்வு, நோன்பு மாதத்தில் இரவு வேலை, வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது எடுக்காமல் விட்ட அந்த ஒரு மாலை, இவற்றை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், அடுத்துப் புறப்படவிருப்பவனின் தாயாரும் படிக்க வேண்டும்.