நிற்க வைக்கும் கோட்டை

பசுவந்தனையிலிருந்து ஓட்டப்பிடாரம் வழியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவனுக்குக் கட்டபொம்மன் கதையின் பாதி வழியிலேயே உடம்பில் ஏறிவிடுகிறது: ஒதுங்க மரமில்லாத கரிசல், கொளுத்துகிற வெயில், தூரம். 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டைக்குள் நுழைந்ததும் இந்த உடம்பைக் கழற்றி வைத்துவிட வேண்டியிருக்கிறது. மண்டபச் சுவர்களில் ஓவியங்கள். ஒன்றின்முன் நின்று, அடுத்ததற்கு நகர்ந்து, வெளியே வந்துவிடலாம். "அவ்வளவுதானா?" என்று எனக்குப் பின்னால் ஒரு சிறுவன் கேட்டான். சரியான விமர்சனம்.

இந்தக் கதையே நடையால் ஆனது. 1798இல் கலெக்டர் ஜாக்சன் பேட்டி கொடுக்காமல் ஊர் ஊராக இழுத்தடித்ததில், பாளையக்காரர் 23 நாள், சுமார் 400 மைல் பின்னாலேயே போய் இராமநாதபுரத்தில்தான் சந்திக்க முடிந்தது. அங்கேயும் உட்காரவிடாத விசாரணை. அலையவிடுவது, பிறகு நிற்க வைப்பது: அதிகாரம் உடலின்மீது எழுதும் பிரதி இது. ஓவியங்களில் அந்த அலைச்சல் எங்கே? அவற்றின்முன் நிற்கையில் என் காதில் விழுவது 1959ஆம் வருஷத்துச் சினிமா வசனம்தான்.

லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2001இல் திறக்கப்பட்ட பெர்லின் யூத அருங்காட்சியகத்தில், 49 தூண்களுக்கிடையே தரை சாய்ந்து கிடக்கிறது. நடப்பவனின் கால் தடுமாறுவதே அங்கே வாசிப்பு. அதை இங்கே நகலெடுக்கச் சொல்லவில்லை. சாய்ந்த தரைக்குக் காசு வேணும்; நமக்கு ரோடே இருக்கிறது.

ஆனால் எந்த ரோடு? கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுலத்தவரான சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் தனி மணிமண்டபம். ஒரே போர், இரண்டு கட்டடங்கள். இடைப்பட்ட வெளியில் கதையாடல் எதுவுமில்லை. 1997இல் அவர் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள், கலவரமும் சாவுகளும். கடைசியில் மாவட்டங்கள், கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. சிலையாக நிற்கிற பெயரைச் சகித்துக்கொள்கிறவர்களுக்கு, ஊருக்குள் ஓடி வருகிற பெயர் தாங்கவில்லை.

எனவே, நகர்ந்தபடி பார்க்கும் காட்சிக்கூடம் அமைப்பது என்றால் விளக்கு, திரை, ஒலி எல்லாம் பிந்திய விஷயம். மண்டபத்துக்கு வெளியே 1801இல் இடித்துத் தள்ளிய பழைய கோட்டையின் அடித்தளம் கிடக்கிறது. அதைத் தாக்க வந்து செத்த வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளும் உண்டு. 1799 அக்டோபர் 16இல் தூக்கிலிட்ட கயத்தாறு இன்னும் தள்ளி. இவற்றையெல்லாம் கோத்து ஒரு வழி போடலாம். அந்த வழியைக் கவர்னகிரியில் தொடங்குவார்களா என்பதே என் சந்தேகம்.