செயின்சோவின் அளவு
செயின்சோவின் அளவை இரண்டு எண்கள் சொல்லும்: சங்கிலி ஓடும் அலகின் நீளம் அங்குலத்தில், இயந்திரத்தின் கொள்ளளவு சீசீயில். ஹட்டன் தோட்டங்களில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தை வெட்டப் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குல அலகும் 50 சீசீ இயந்திரமும் போதும். அலகு, மரத்தின் விட்டத்தைவிட 2 அங்குலமாவது நீண்டிருப்பது வசதி. அதற்காக நீளமானதே நல்லது என்றில்லை. மலைச்சரிவில் நீண்ட அலகின் நுனி மண்ணையோ கல்லையோ தொட்டால் பல் நொடியில் மழுங்கும். நுனியின் மேற்பாதி மரத்தில் இடித்தால் வாள் ஆளை நோக்கி எகிறும். தேயிலைச் செடி நசுங்காமல் கிளைகளைக் கயிறு கட்டி இறக்கும்போது, மரத்தின்மேல் இருப்பவர் கைக்கு அடங்குவது 12 அல்லது 14 அங்குல இலேசான வாள்தான். அதன் கச்சிதம் ஒரு தனி அழகு. முதிர்ந்த யூகலிப்டஸ் வேறு சங்கதி. அதற்கு 70 சீசீயாவது வேண்டும், சிறிய இயந்திரம் திணறும். 25 அங்குல அலகை இருபுறமிருந்தும் செலுத்தினால் அதைவிடப் பருத்த அடிமரமும் அறும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்று மெலிந்த உயரத்தில் வலு சற்றுக் குறையும். பழைய வகை கார்புரேட்டரைத் திருத்தாவிட்டால் வாள் அறுப்பதைவிடப் புகைப்பதே அதிகம்.