சிற்றாற்றங்கரை வீடும் வெள்ளக் காப்பீடும்

தென்காசிக்காரர்களிடம் மழைக்கு இரண்டு கணக்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றோடு வருவது சாரல். குற்றாலத்துக் கடைகளும் விடுதிகளும் அதை நம்பித்தான் நடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வருவது அடைமழை. குளங்கள் நிறைவதும் கரை உடைவதும் அப்போதுதான். இந்த இரண்டு கணக்கிலும் சேராமல், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. கோடை மழை மலை மேல் பெய்ய, கீழே அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அதே ஆண்டு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பெய்த கனமழையில் அருவிகள் சீறின, சிற்றாறு கரை தொட்டு ஓடியது.

வெள்ளம் இப்படித் திடீரென வருவதற்கு ஊரின் அமைப்பே காரணம். சிற்றாறு குற்றால மலையில் பிறந்து, சில கிலோமீட்டரில் தென்காசியைத் தொட்டு, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு, மேக்கரையில் அடவிநயினார், கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி என்று சுற்றிலும் அணைகள் உண்டு. ஆனால் குற்றாலப் பேரருவிக்கு மேலே தண்ணீரைத் தேக்கி வைக்க எதுவும் இல்லை. மலையில் பெய்தது அப்படியே இறங்குகிறது. அணை உள்ள ஆற்றில் மட்டம் ஏறுவதைப் பார்த்து எச்சரிக்கை விடலாம், இங்கே அந்த அவகாசம் மிகக் குறைவு. சமவெளிக்கு வந்த பிறகு கால்வாய், குளம், அது நிரம்பி வழியும் மறுகால், அடுத்த குளம் என்று ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி அடைபட்டாலும் தண்ணீர் தெருவுக்குள் வரும்.

இப்படிப்பட்ட ஊரில் வீடு வைத்திருப்பவருக்கு இன்று கிடைக்கும் காப்பீட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, தீக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்கின்றன. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச் சரிவு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அமெரிக்காவில் சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளம் சேராது. 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனி நிறுவனத்திலோ வேறாக வாங்க வேண்டும். அந்தச் சிக்கல் நமக்கு இல்லை.

இன்னொரு நன்மை காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறை. மனையின் விலையைப் பார்ப்பதில்லை, வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவைப் பார்க்கிறார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் வைத்துக் கட்டலாம் என்றால் 20 லட்சம். அதில் 20 விழுக்காடு, அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் கேட்காமலே சேரும். இதற்கு உச்சவரம்பு 10 லட்சம். தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லி இழப்பீட்டை வெட்டும் பழைய வழக்கமும் இந்தப் பாலிசியில் கைவிடப்பட்டிருக்கிறது. இடைக்காலத்தில் வேறு வீட்டில் குடியிருக்க ஆகும் வாடகைக்கும் இடம் உண்டு.

இதை அரசு நிவாரணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2022–26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நிதி விதிப்படி சமவெளியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், பகுதி சேதமான நல்ல கட்டடத்துக்கு 6,500 ரூபாய். 2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழைக்குப் பின், தூத்துக்குடி, நெல்லையில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்குக் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், தென்காசி மாவட்டத்துக்கு 1,000 ரூபாயும் அறிவித்தார்கள். பசியாற்ற அது உதவும், குளிர்சாதனப் பெட்டியும் மோட்டாரும் கட்டிலும் அரிசி மூட்டையும் நனைந்து போன வீட்டை அது நிமிர்த்தாது. இரண்டடி தண்ணீர் ஒரு இரவு நின்றால் சுவர் விழாது, ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை இருந்த வாழ்க்கை முழுவதும் போய்விடும். அந்த வகையில் இந்த பாலிசி வாங்கத் தக்கது, சந்தேகமே இல்லை.

சிக்கல் விலக்குகளில்தான். நிலம் இறங்குவதையும் சரிவதையும் பாலிசி ஏற்கும் இடத்திலேயே, ஏற்காதவற்றின் பட்டியலும் இருக்கிறது. புதுக் கட்டடத்தில் வரும் இயல்பான விரிசல், மண் கொட்டி மேடாக்கிய நிலம் இறங்குவது, கடலோ ஆறோ கரையை அரிப்பது, குறைபாடான கட்டுமானம். ஆற்றுக்கு எட்டாத, உறுதியான நிலத்தில் பழைய வீடு உள்ளவர் இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். தென்காசியில் முடியாது. இங்கே புதிதாக எழும் நகர்கள் பலவும் நேற்றுவரை நஞ்சையாக இருந்த இடங்கள். வரப்பை வெட்டிச் சமன்படுத்தி, லாரி லாரியாகச் செம்மண் அடித்து, கல் நட்டு மனையாக்கியவை. ஆற்றோரத்தில் கட்டியவருக்குக் கரை அரிப்பு என்பது ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்து அல்ல.

வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் விரிசல் கண்டால், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே. தண்ணீர் சூழ்ந்ததால் வெடித்ததா, அடியில் கொட்டிய மண் இறங்கியதால் வெடித்ததா? முதலாவது என்றால் பணம் உண்டு, இரண்டாவது என்றால் தகராறு. உண்மையில் இரண்டும் ஒரே இரவில், ஒன்றால் ஒன்று நடப்பவை. நனைந்த மண்தான் இறங்கும். இந்த இடத்தில் பாலிசியின் வாசகம் நியாயமாக இல்லை என்பது என் கருத்து. வெள்ளத்தால் தூண்டப்பட்ட இறக்கத்தை வெள்ளச் சேதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையம் தெளிவாக எழுதிவைக்கலாம். அதுவரை வீட்டுக்காரருக்குக் கையில் உள்ள சான்று, மழைக்கு முன் எடுத்துவைத்த தேதியிட்ட படங்கள்தான். நிறுவனம் மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கையை அவர் கட்டணமின்றி விசாரிப்பார்.

யார் வாங்குகிறார்கள் என்பதும் கவலை தருகிறது. வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கடன் தொகை அளவுக்கு, கட்டடத்துக்கு மட்டும் என்று பல இடங்களில் அது நின்றுவிடுகிறது. இழப்பீடு வந்தாலும் முதல் உரிமை வங்கிக்கு. பாலிசி நகலையே பார்க்காமல் தவணை கட்டி முடிப்பவர்கள் ஏராளம். கடனே வாங்காமல் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில், ஆற்றங்கரைத் தெருவில் குடியிருப்பவரைத் தேடி எந்த ஏஜென்டும் வருவதில்லை. அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

ஆற்றிலிருந்து வீடு எத்தனை அடி, தளம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. மேட்டுத் தெருக்காரரும் பள்ளத் தெருக்காரரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பிரீமியம் கட்டுகிறார்கள். ஏழைக்கு இது சாதகம் என்பதால் இதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதனால் ஒரு தகவல் காணாமல் போகிறது. அமெரிக்காவில் பாலிசி தனி என்றாலும், வீடு எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது என்பதை அரசு வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம்மிடம் பாலிசிக்குள் வெள்ளம் இருக்கிறது, வீட்டுக்கு வீடு பார்க்க வரைபடம் இல்லை.

இல்லாத வரைபடத்துக்குப் பதிலாக ஓரளவு பயன்படக்கூடியவை வருவாய்த்துறைப் பதிவேடுகள். அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேடும் புலப்படமும் வரும். பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கா, குளமா, வாய்க்காலா என்று பார்க்க வேண்டும். தரையில் இல்லாத வாய்க்கால் புலப்படத்தில் இருந்தால், பெருமழையில் தண்ணீர் பழைய பாதையைத் தேடி வரும். அடுத்து, மேலே உள்ள குளத்தின் மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது என்று அங்கே விவசாயம் செய்யும் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மனை வாங்குவதற்கு முன் வக்கீலிடம் வில்லங்கம் பார்க்கிறோம். தண்ணீர் வில்லங்கத்தையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

தனி மனிதர் இவ்வளவு அலைய வேண்டியிருப்பதே ஒரு குறைதான். எளிதில் வெள்ளம் பாதிக்கும் இடங்களின் பட்டியல் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இருக்கிறது. அதைச் சர்வே எண் வாரியாக விரித்து, மனைப்பிரிவு அனுமதியோடும் பத்திரப் பதிவோடும் இணைத்தால் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியும். நாகாலாந்து அரசு, மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சேத மதிப்பீட்டுக்குக் காத்திராமல் பணம் வரும் வகையில் மாநிலத்துக்கே காப்பீடு எடுத்திருக்கிறது. மழைமானிகளைக் குற்றால மலை மேலும் போதிய அளவில் வைத்தால், ஓட்டு வீட்டுக்காரருக்கும் எட்டும் அப்படியொரு காப்பீட்டை இந்த மாவட்டத்துக்கும் யோசிக்கலாம். அதற்கு நாளாகும். வெள்ளம் பாதிக்கும் இடங்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு நாளாகாது. ஆகஸ்ட் 15 கிராமசபையிலேயே அதைக் கேட்டு வாங்கினால், அடைமழைக்கு முன் பாலிசி எடுக்கவும், சாமான்களை மேலே ஏற்றவும், அடைபட்ட மறுகாலைத் திறக்கச் சொல்லி மனுக் கொடுக்கவும் இரண்டு மாதம் கிடைக்கும்.