பிஸாரோவின் மாணவர்

மலைக்காட்சியை எண்ணெய் வண்ணத்தில் தீட்டப் பழகுவோர்க்குக் கைநூல்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன. அருகில் உள்ளதை அழுத்தமாகத் தீட்டுக, தொலைவில் உள்ளதை நீலமாக்கி மங்கவிடுக, விளிம்புகளைக் கலைத்துவிடுக, இம்ப்ரஷனிஸ ஓவியம் வந்துவிடும் என்பர். வரத்தான் செய்கிறது. ஆனால் அப்படி வந்த மலைக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை.

பிரெஞ்சு ஓவியர் பால் செஸான் (1839–1906) இக்கலையைப் பயின்ற முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவர் பிறந்த எக்ஸ் நகரின் கிழக்கே ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்து நிற்பது ஸேன்ட் விக்துவார் என்னும் சுண்ணாம்புக்கல் மலை. 1870ஐ ஒட்டி அவர் தீட்டிய இருப்புப்பாதைக் காட்சியிலேயே அம்மலை இடம்பெற்றுவிட்டது. எனினும் அங்கே பேசுவது மலையன்று; இளமையில் கத்தியால் வண்ணத்தை அப்பிப் பழகிய கையின் முரட்டுத்தனமே.

1872இல் பொன்த்வாஸ் சென்று, தம்மினும் ஒன்பது ஆண்டு மூத்த கமீல் பிஸாரோவிடம் அவர் பாடம் கேட்டார். பிஸாரோ 1871இல் தீட்டிய லூவ்சியேன் காட்சியை இரவல் வாங்கி, அதைப் பார்த்துச் சற்றுச் சிறிய அளவில் அப்படியே தீட்டினார். முப்பது வயதைக் கடந்த ஓவியர் பிறர் படத்தைப் படியெடுப்பதா என்று நாணுவோர் நம்மிடையே உண்டு. அரபு எழுத்தணிக் கலையை அறிந்தோர் அவ்வாறு நாணார். உஸ்தாதின் எழுத்தைப் பார்த்து ஆண்டுக்கணக்கில் ‘மஷ்க்’ செய்து, இஜாஸா பெற்ற பின்னரே தம் பெயரைப் பொறிக்கும் மரபு அது.

அந்தப் படியெடுப்பில் செஸான் பெற்றது என்ன? நிழல் என்பது கறுப்பன்று, அதுவும் ஒரு வண்ணமே என்னும் அறிவு. மற்றொன்று பொறுமை. எண்ணெய் வண்ணம் விரைவில் உலராது. ஈரத்தின்மேல் மறுவண்ணத்தைக் கண்டபடி இழுத்தால் சேறாகிவிடும். ஆகவே ஒவ்வொரு தீற்றலையும் வைக்குமுன் தீர்மானித்தாக வேண்டும்.

ஆனால் மலையின் ஒளி நாழிகைக்கு நாழிகை மாறுமே! 1895இல் நார்வே சென்ற மோனே, கோல்ஸோஸ் மலையைப் பத்துக்கும் மேற்பட்ட கித்தான்களில் தீட்டி அச்சிக்கலை எதிர்கொண்டார். செஸான் ஒளியைத் துரத்தவில்லை; மாறாத பாறையைத் தேடினார். இலண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் உள்ள, 1887ஐ ஒட்டிய படத்தைக் காண்க. முன்னே நீளும் பைன் மரக்கிளை தொலைமலையின் விளிம்போடு ஒத்து வளைகிறது. மலை நம் அருகே வந்துவிடுகிறது. வெம்மை வண்ணத்தை அடுத்துத் தண்மை வண்ணம் அமைய, பாறை திரும்பி நிற்கிறது. மங்கவிடும் சூத்திரத்துக்கு இங்கே வேலையில்லை.

லோவ் குன்றிலிருந்து இறுதிக் காலத்தில் தீட்டிய படங்களில் தீற்றல்கள் தனித்தனியே நிற்க, சிலவற்றில் இடையே வெறுங்கித்தானும் தெரிகிறது. அவற்றுட் சில உண்மையிலேயே முற்றுப்பெறாதவை என்பதே என் கருத்து. வெறுமை அனைத்தையும் மேதைமை எனப் புகழ்வது விமரிசனமாகாது.

செஸான் இம்ப்ரஷனிஸத்தைத் துறந்தவர் என்று எழுதுவோர் பலர். அவரோ தம் இறுதி ஆண்டுகளில், எக்ஸ் நகரில் நடந்த ஓவியக் கண்காட்சியின் பட்டியலில், தம்மைப் பிஸாரோவின் மாணவர் என்றே குறிக்கச் செய்தார்.