கூடாரத்துக்கு வெளியே ஒரு சத்தம்

வெட்டியாகிவிட்டது. தலையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ சத்தம்.

ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி 1623–25 வாக்கில் வரைந்த ‘யூதித்தும் பணிப்பெண்ணும்’ ஓவியத்தில் நடப்பது இவ்வளவே. அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் இருக்கும் இந்தப் படம் ஆறடி உயரம். அந்தப் பெண்கள் கிட்டத்தட்ட நம் அளவில் நிற்கிறார்கள்.

யூதித்தின் கதை கத்தோலிக்க விவிலியத்தில் உண்டு. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லை. பெத்தூலியாவை முற்றுகையிட்ட அசீரியத் தளபதி ஒலோபெரினின் பாசறைக்குள் யூதித்து என்ற கைம்பெண் தன் பணிப்பெண்ணோடு நுழைகிறாள். இரவுதோறும் இருவரும் வெளியே போய் ஜெபித்துவிட்டு வருகிறார்கள். காவலர்களுக்கு அது பழகிப்போகிறது. நான்காம் நாள் விருந்தில் அவன் மிதமிஞ்சிக் குடித்துச் சாய்கிறான். அவன் வாளாலேயே இரண்டு வெட்டு. தலை சாப்பாட்டுப் பைக்குள் போகிறது. வழக்கம்போல் ஜெபத்துக்குப் போகிறவர்களாகப் பாசறையைக் கடந்துவிடுகிறார்கள்.

ஓவியர்கள் பலரும் அந்த வெட்டைத்தான் வரைந்தார்கள். கரவாஜியோவின் யூதித்து, முதன்முதலாகக் கோழி அறுக்கிறவள்போல, கையை முன்னே நீட்டி உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். ஆர்ட்டெமீசியாவும் அதை வரைந்திருக்கிறார். பிளாரன்ஸின் உஃபிசி கூடத்தில் உள்ள அந்தப் படத்தில் ரத்தம் பீறிட, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் ஒருவனை அமுக்கிப் பிடித்துத் தலையை அறுக்கிறார்கள். மிரட்டுகிற படம்தான். ஆனால் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

டெட்ராய்ட் படத்தில் பாதி இருட்டு. மேசைமேல் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. பக்கத்தில் இறந்தவனின் இரும்புக் கையுறை. யூதித்து சுடருக்கு முன்னால் கையைத் தூக்குகிறாள். அந்தக் கையின் நிழல் அவள் முகத்திலேயே விழுந்து, பிறைக்கீற்றாகக் கொஞ்சம் வெளிச்சத்தை மட்டும் விட்டுவைக்கிறது. கண் கூசியதால் மறைத்தாளா, பணிப்பெண்ணுக்கு ‘பொறு’ என்று காட்டினாளா, வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்றா? மூன்றுக்கும் அந்தக் கை இடம் கொடுக்கிறது. கீழே குனிந்து தலையைத் திணித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கரவாஜியோ படத்தில் இவள் வெறித்துப் பார்க்கும் கிழவி, இங்கே கூட்டாளி. இருவரும் ஒரே பக்கம், சட்டகத்துக்கு வெளியே, பார்க்கிறார்கள். பார்க்கிறார்களா என்ன, கேட்கிறார்கள்! சத்தத்தை வரைய முடியாது. காதைத் தீட்டிக்கொண்ட இரண்டு உடம்புகளை வரையலாம்.

ஆர்ட்டெமீசியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1612ஆம் ஆண்டு வழக்கைத் தவறாமல் இழுப்பார்கள். தன்னை வன்புணர்ந்த ஓவியன் அகோஸ்தினோ தாஸ்ஸிக்கு எதிராக ரோமில் சாட்சி சொன்னபோது, சொல்வது உண்மைதானா என்று சோதிக்க அவர் விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். ஆகவே யூதித்து படங்கள் எல்லாமே பழிவாங்கல் என்பது வாதம். முப்பது வயதில், மஞ்சள் பட்டின் ஒவ்வொரு மடிப்பிலும் சுடரொளியை நிறுத்தத் தெரிந்த ஒரு கைகாரியை இப்படி ஒற்றைக் காரணத்தில் அடைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் சுடருக்கு முன்னால் விரிந்த அந்த விரல்களில்தான் போய் நிற்கிறேன்.

இன்னொரு கையில் வாள் அப்படியே இருக்கிறது. அதை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.