ஊர்கூடித் தேரிழுக்கிற கதை

‘ஊர்கூடித் தேரிழுப்போம்’ என்று எழுதாத அரசு நோட்டீஸ் கிடையாது. தெருவுக்கு ரோடு போடணுமா, கண்மாயைத் தூர் வாரணுமா, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டணுமா, உடனே தேர் வந்து நிற்கும். வடம் யார் கையில் என்று மட்டும் எழுதுகிறவர் கேட்க மாட்டார். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் எங்களுக்கும் வடம் பிடிக்கிற உரிமை உண்டு என்று தலித்துகள் 1998இல் கேட்டார்கள். கோர்ட்டு, போலீசு, நாட்டார்கள், அமைதிப் பேச்சு என்று வருசங்கள் போயின. பிறகு தேரே நின்றது. பழுது என்றார்கள், திருப்பணி என்றார்கள். 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது, போலீஸ் பாதுகாப்போடு. அந்தத் தேரைக் காட்டித்தான் நம்மை ரோடு போடக் கூப்பிடுகிறார்கள்.

நான் இருக்கன்குடிப் பக்கத்துக்காரன். சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியாத்தா இருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்குச் சனம் லட்சக்கணக்கில் வரும். பாதிச் சனம் நடந்தே வரும். அக்கினிச்சட்டி, மொட்டை, பொங்கல், கெடா வெட்டு. ஆத்தா எல்லாருக்கும் பொது என்பார்கள். இருக்கட்டும். சனிக்கிழமை விடியக்காலையில் அந்த ஆத்துப் படுகையைப் பார்க்க வேண்டும். எச்சில் இலை, மயிர், சாம்பல், ரத்தம் காய்ந்த மணல், பிளாஸ்டிக். கூட்டி அள்ளுவதற்கு ஊர் கூடுவதில்லை. அதற்கென்று ஒரு தெருவிலிருந்துதான் ஆள் வரணும். ஊராட்சிகளில் இப்போது அவர்களுக்குத் ‘தூய்மைக் காவலர்’ என்று பேர். மாதம் 3,600 ரூபாய். 2023இல்தான் 5,000 ஆனது. பேரை உசத்திய கை சம்பளத்தை உசத்த வரும்போது நடுங்குகிறது.

இலக்கியம் பேச வந்தவன் குப்பை பேசுகிறானே என்று நினைக்கலாம். ‘ஊர் கூடியது’ என்ற வாக்கியம் அரசு நோட்டீசில் மட்டும் இல்லை, நம்முடைய கரிசல் இலக்கியத்திலும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எந்த ஊர், எந்தத் தெரு, யார் கூப்பிட்டு யார் வந்தார்கள் என்று கேட்டுப் படிக்கிற பழக்கம் நமக்கு வேண்டும். அப்படிக் கேட்டு இரண்டு நாவல்களைப் படித்தேன்: சோ. தர்மனின் ‘சூல்’, பாமாவின் ‘வன்மம்’.

‘சூல்’ 2016இல் வந்தது. 2019இல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியது. உருளைக்குடிக் கண்மாய்தான் அதன் கதாநாயகன். மடை, கலுங்கு, கரம்பை மண், மீன், பறவை, கரையில் நிற்கிற மரம் என்று ஒரு நீர்நிலையைச் சுற்றி இருந்த அறிவு பூராவையும் அந்த மனுசன் எழுதிவைத்திருக்கிறார். விவசாயக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம், குறையில்லை. என் சங்கடம் வேறு. ஜமீன் காலத்தில் ஊர் ஒன்றாக இருந்தது, கண்மாயை ஊரே காத்தது, சுதந்திரம் வந்தது, கட்சி வந்தது, எல்லாம் கெட்டது என்கிற ஏக்கம் நாவல் முழுக்க ஓடுகிறது. இந்த ஏக்கம் யாருடைய ஏக்கம்?

குடிமராமத்து என்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1858ஆம் வருசத்து மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம். பேரிலேயே கட்டாயம் இருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. கரை உடையும் என்றால் ஆளைப் பிடித்து வேலை வாங்கலாம், வழக்கமாகச் செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யாவிட்டால் செலவை வசூலிக்கலாம். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வாங்கினான். அவனுக்கு முன்னால் ஊர்ப் பெரியதனம் சட்டம் போடாமலே வாங்கியது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2003இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். கண்மாய் நிர்வாகம் என்பது சாதி, மரியாதை, அதிகாரம் இவற்றோடு பிணைந்தே இருந்தது என்பதுதான் அவர் காட்டுவது. நம்ம சனங்களுக்கு இதைச் சொல்ல லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. மடையைத் திறந்தவனும் அடைத்தவனும் நம்ம ஆள். வெள்ளத்தில் உடைப்பை அடைக்க இறங்கியவனும் நம்ம ஆள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முடிவு சொன்னவன் கரைமேல் நின்றான்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை 100 கோடி ரூபாயில், 1,519 வேலைகளோடு மறுபடி தொடங்கியபோது, பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்றது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்குத்தான் அங்கே வாய். நிலமில்லாதவனுக்கு, கண்மாய்க்குள் மீன் பிடித்து, கோரை அறுத்து, மாடு குளிப்பாட்டி வாழ்கிறவனுக்கு, அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. ‘சூல்’ படித்து உருகுகிற நண்பர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

‘நமக்கு நாமே’ திட்டமும் இந்த வகைதான். 1997–98இல் வந்தது, இடையில் வேறு பேரில் நடந்து, 2021இல் பழைய பேரோடு திரும்பியது. கிராமத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டணும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகமாக வாழ்கிற பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் 10 லட்ச ரூபாய் வேலைக்கு 2 லட்சத்தைப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போய்வருகிற தெரு எங்கிருந்து கொண்டுவரும்? முதலாளி இருக்கிற தெரு மூன்றில் ஒரு பங்கை ஒரே செக்கில் கட்டிவிட்டு, தன் பேரைக் கல்வெட்டிலும் பொறித்துக்கொள்ளும். பணம் உள்ள தெரு முதலில் திருந்தும். பிறகு ‘அந்தத் தெருச் சனங்களுக்குப் பொறுப்பு பத்தாது’ என்று நம்மைச் சொல்வார்கள். எத்தனை தரம் கேட்டாச்சு இதை.

பாமா இந்த மாவட்டத்துக்காரர். ‘கருக்கு’ 1992இல் வந்தபோது பாதிப்பேர் அதன் மொழியைப் பேசினார்கள், பாதிப்பேர் கிறித்தவத்துக்குள் இருக்கிற சாதியைப் பேசினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அவர் தன் ஊரை வரைந்து காட்டுகிற இடம். தபாலாபீசு, பஞ்சாயத்து ஆபீசு, பள்ளிக்கூடம், கடைகண்ணி எல்லாம் மேல்சாதித் தெருக்களிலேயே இருக்கிறதைச் சொல்கிறார். எல்லாமே தங்கள் தெருவிலேயே கிடைக்கிறவனுக்கு நம்ம பக்கம் வரவேண்டிய சோலியே இல்லை. உள்ளாட்சி பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஆய்வுகளில் பாதியை இந்த ஒரு வரைபடத்துக்குப் பதிலாகத் தந்துவிடலாம்.

பத்து வருசம் கழித்து, 2002இல் வந்தது ‘வன்மம்’. கண்டம்பட்டி என்று ஒரு ஊர். பறையர் தெருவும் பள்ளர் தெருவும் வெட்டிக்கொண்டு சாகின்றன. மூட்டிவிட்டு நாயக்கர்மார் வேடிக்கை பார்க்கிறார்கள். சாவும் கேசும் ஜெயிலும் கண்ட பிறகு இரண்டு தெருவும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகின்றன. பஞ்சாயத்துத் தேர்தலில் ஒன்றாக நின்று ஜெயிக்கின்றன. கலைநேர்த்தி இல்லை, பிரச்சாரம், அவசர முடிவு என்று அந்த நாவலைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு. நம்ம ஆட்களிலேயே, உள்சண்டையை ஏன் ஊரறியச் சொல்லணும் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இரண்டு பேச்சுமே எனக்கு உடன்பாடில்லை. ‘ஊர்’ என்பது தானாக இருக்கிற ஒன்றல்ல, தெருவும் தெருவும் உட்கார்ந்து பேசி உண்டாக்க வேண்டியது என்று எழுதிய நாவல் எனக்குத் தெரிந்து அதுதான். ‘சூல்’ முன்னாலே இருந்து தொலைந்துபோன ஊருக்காக அழுகிறது. ‘வன்மம்’ இன்னும் வராத ஊரை உண்டாக்கப் பார்க்கிறது. நான் இரண்டாவதன் பக்கம்.

அது எழுதப்பட்ட காலத்தையும் நினைக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்ததற்கே ஊர்கள் எரிந்தன. அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாத் தலைவர் பேரையும் எடுத்துவிட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். அதே வருசம் ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் 1996 தொடங்கி 2006 வரை தலித் தலைவரை உட்கார விடவே இல்லை. தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத கிராமப் பஞ்சாயத்துக்கு ஒப்ப முடியாது என்று அம்பேத்கர் 1932இல் பம்பாய் சட்டசபையில் சண்டை போட்டார். இட ஒதுக்கீடு அரசியல் சட்டத்துக்குள் வர 1993 ஆனது. அறுபது வருசம் கழித்து வந்த நாற்காலி, அதிலும் உட்கார்ந்தவனை வெட்டினார்கள். இதற்கு நடுவில்தான் பாமா ஒரு வெற்றியை எழுதினார்.

ஆனால் வெற்றியோடு நாவல் நிற்கிறது. என் விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. தலைவரானாச்சு. அப்புறம்? ஊராட்சிச் செக்கில் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பணம் வராது, துணைத்தலைவரும் போடணும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். நாற்காலியை நமக்கு விட்டுவிட்டுப் பேனாவை அவுக பிடித்துக்கொண்ட ஊர்கள் எத்தனை! காலனிக்குத் தெருவிளக்கு, சுடுகாட்டுக்குப் பாதை என்று பில் வந்தால் துணைத்தலைவர் ஊரில் இருக்க மாட்டார். இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பேப்பரில் சேதி வராது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரைத் தரையில் உட்கார வைத்த போட்டோ வெளியே வந்ததால் நாடு பார்த்தது. போட்டோவுக்குள் அகப்படாத தரை நிறைய இருக்கிறது. மேலவளவு பற்றிக் கவிதை எழுதினோம், எழுதவும் வேண்டும். இந்தக் கையெழுத்து பற்றி ஒரு சிறுகதை உண்டா?

கிராமசபை பற்றியும் இல்லை. சாத்தூர் வட்டாரத்தில் ஒரு ஊர், பேர் வேண்டாம். மே முதல் தேதிக் கூட்டம். கிராமசபைக்குக் கோரம் என்று ஒன்று உண்டு: 500 சனம் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேலே 300. நூறுநாள் வேலைக்காரப் பொம்பளைகளைக் கூட்டிவந்தால் கோரம் நிறைந்துபோகும். அன்றைக்கும் அப்படித்தான். பந்தலுக்குள் நாற்காலி, வெயிலில் காலனி. தீர்மான நோட்டு கைமாறிக் கையெழுத்துக்கு வந்தது. எங்க பெரியம்மா முறை ஒருத்தி, பள்ளிக்கூடம் போகாதவள், நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏய்யா, எழுதிட்டுக் கையெழுத்து வாங்குறீகளா, கையெழுத்து வாங்கிட்டு எழுதுவீகளா? இது வெறுந்தாளா இருக்கே?”

“எழுதிக்குவோம்மா, நீங்க போடுங்க.”

“எழுதி வாசிச்சுக் காட்டுங்க, பெறகு போடுறோம். நாங்க எங்க போகப்போறோம், இன்னைக்கு லீவுதான்.”

நாற்பது பெண்கள் எழுந்திருக்கவில்லை. வாசிக்க வேண்டியதாயிற்று. வாசித்தபோது காலனித் தண்ணி லைன் அதில் இல்லை. எழுத வைத்தார்கள். எட்டு மாசம் கழித்துக் குழாய் வந்தது, பாதித் தெருவுக்கு.

‘இன்னைக்கு லீவுதான்’ என்று அவள் சொன்னதில் விசயம் இருக்கிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நான்கு நாளும் பட்டாசு ஆலைக்கு விடுமுறை. பிற்பாடு மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு நாளைச் சேர்த்தார்கள். உலகத் தண்ணீர் தினம், உள்ளாட்சி தினம், கேட்க நல்லாத்தான் இருக்கு. அந்த இரண்டு நாளும் ஆலையில் வேலை நாள். கூலியை விட்டுவிட்டு யார் வருவா? தண்ணீருக்கென்று வைத்த நாளில் தண்ணீர் இல்லாத தெருவே வர முடியாது. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்து ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாக்பூரில் இருக்கிற வெடிபொருள் அலுவலகமும் மாவட்ட நிர்வாகமும் உரிமம் கொடுக்கிற காரியம் இது. ஆனால் சாகப் போகிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரக் காலனிகளில் இருந்துதான் வேன் ஏறுகிறார்கள். அந்த ஊர்களின் தீர்மான நோட்டுகளில் ஆலையைப் பற்றி ஒரு வரியாவது உண்டா என்று யாராவது தேடிப் பார்த்திருக்கிறோமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘வன்மம்’ இரண்டு தெருவைச் சேர்த்தது. ஆத்துப் படுகையைக் கூட்டுகிற மூன்றாவது தெரு, அருந்ததியர் தெரு, இரண்டு தெருவுக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது. 2009இல் வந்த உள் ஒதுக்கீடு படிப்புக்கும் வேலைக்கும்தான், ஊராட்சி நாற்காலிக்கு இல்லை. பொதுவாகத் தலித் என்று ஒதுக்கின இடத்தில் எண்ணிக்கை உள்ளவர்கள் நிற்போம், ஜெயிப்போம். குப்பை வண்டி அவர்களிடம் இருக்கும். நாம் தலைவராக இருக்கிற ஊரில் அந்தத் தெருவுக்குக் குழாய் எத்தனையாவது வரிசையில் போகிறது என்று நம்மை நாமே கேட்காமல் மேல்சாதிக்காரனை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது இலக்கியமும் ஆகாது, அரசியலும் ஆகாது. இதை எழுதினால் நம்ம ஆட்களே கோபப்படுவார்கள். ‘வன்மம்’ வந்தபோதும் கோபப்பட்டார்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளின் காலம் 2025 சனவரி 5ஆம் தேதி முடிந்தது. தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் கைக்குப் போனது. பாதி இடம் பெண்களுக்கு என்ற 2016ஆம் வருசத்துச் சட்டத்தில் முதல்முதலாக ஜெயித்துவந்த தலித் பெண்கள் அந்த ஐந்து வருசத்தில் எத்தனை செக்குக்கு எத்தனை வாசல் ஏறி நின்றார்கள் என்பது அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. நம்ம தோழர்கள் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும், டேப்பும் நோட்டுமாக. மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அலைகிறார்கள். இருக்கன்குடிக்குச் சாத்தூரிலிருந்து டவுன்பஸ் இருக்கிறது. தீர்மான நோட்டைப் பார்க்க விட மாட்டார்கள், தகவல் சட்டத்தில் கேட்டு வாங்கணும். அதில் எழுதியிருப்பதையும், அந்தப் பெண்கள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது எழுதிக்கொண்டிருந்தால் கைப்பிரதியாகவே அனுப்புங்கள், வாசிக்கத் தயாராக இருக்கிறேன்.